கடத்தல் பொட்டலம் மாதிரி சிக்கன் விளம்பரம்: இதைக் கேட்பது நம்ம வேலையா, இல்லையா?

மண்டபம்கரை எழுதியது:

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் வரும் ரோட்டில், உச்சிப்புளியைத் தாண்டி, புதிதாக ஒரு சிக்கன் கடை திறந்திருக்கிறார்கள். கடை பெயர் இங்கே வேண்டாம், நீங்களும் எழுதாதீர்கள். பேச வேண்டியது அதன் விளம்பரத்தைப் பற்றி.

பேனர் முழுக்கப் பச்சை. நடுவில் பெரிய கஞ்சா இலை. அதற்கு முன்னால் ஒரு சேவல் பொம்மை, கண் சிவந்து, இமை பாதி சொருகி, பொரித்த கோழிக்காலை பீடி பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு நிற்கிறது. கோழிக்கால் நுனியில் புகை. கீழே 'ஒரு இழுப்பு போதும், மிதப்பு நிச்சயம்' என்று கொட்டை எழுத்து. வாங்குகிறவர்களுக்கு செல்போன் பின்னால் ஒட்ட அதே இலையில் ஸ்டிக்கர் இலவசம்.

பேனரைக்கூட விட்டுவிடலாம். இன்ஸ்டாவில் போட்டிருக்கிற ரீலைப் பாருங்கள். ராத்திரி நேரம், கடற்கரை. பனங்காட்டுக்குள்ளிருந்து கைலியை மடித்துக் கட்டிய பையன் ஒருவன் தலையில் மூட்டையோடு வருகிறான். கடலில் டார்ச் லைட் இரண்டு முறை மின்னுகிறது. இவன் செல்போன் லைட்டை அடித்துக் காட்டுகிறான். படகு கரை ஒதுங்குகிறது. ஏற்றுவதற்கு முன்னால், பிரவுன் டேப் சுற்றிய பொட்டலம் ஒன்றை பிளேடால் கீறுகிறான். உள்ளே பொரித்த கோழி. 'சரக்கு சுத்தம்ணே' என்கிறான். கடை பெயர் வருகிறது.

சென்னையில் ஒருவர் இதைப் பார்த்தால் சிரித்துவிட்டுப் போய்விடுவார். மண்டபத்திலிருந்து மூக்கையூர் வரைக்கும் இருக்கிற நமக்கு இது அப்படியே பேப்பரில் வருகிற செய்தி. பீடி இலை, கடல் அட்டை, கஞ்சா என்று மாற்றி மாற்றிப் பிடிபடுகிறது. சிக்குகிறவன் யார்? சரக்கின் சொந்தக்காரன் அநேகமாக சிக்குவதில்லை. மூட்டை தூக்கிய பையனும் படகு ஓட்டிய பையனும்தான். இப்போது தடைக்காலம் வேறு. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு எல்லாம் கரையில் கிடக்கிறது. கையில் காசில்லாமல் பாலத்தடியில் உட்கார்ந்திருக்கிற பையனிடம் 'ஒரே ஒரு நடை, விடிவதற்குள் வந்துவிடலாம்' என்று சொல்ல ஆள் வருகிற காலம் இது.

சட்டப்படி அந்த விளம்பரம் தப்பா என்பது ஒரு கேள்வி. சட்டம் தடுக்கவில்லை என்றால் செய்துவிடலாமா என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் உங்கள் பதில் வேண்டும்.


தங்கச்சிமடம்தம்பி எழுதியது:

அண்ணே, நானும் ரீல் பார்த்தேன். எடுத்த விதம் நன்றாகத்தான் இருக்கிறது. கோழிக்கால் தின்றால் யாருக்கும் போதை ஏறாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கடை வைத்திருப்பவர் நம்ம ஊர்ப் பையன். வெளியூர் கம்பெனிக் கடைகளோடு போட்டி போட வேண்டும். 'சுவையோ சுவை' என்று பேனர் வைத்தால் எவன் திரும்பிப் பார்ப்பான்?

இன்னொன்றும் கேட்கிறேன். பெரிய நடிகர்கள் ஏலக்காய் பாக்கெட்டைக் காட்டி பான் மசாலாவை விற்கிறார்கள். அதைக் கேட்க முடியாத நாம் ஒரு சின்னக் கடைக்காரர் மேல் பாய்வது நியாயமா? வெளிநாட்டிலெல்லாம் பெரிய உணவுக் கம்பெனிகளே இதைச் செய்கின்றன. அமெரிக்காவில் ஒரு பர்கர் கம்பெனி ராத்திரியில் மட்டும் கிடைக்கிற 'மஞ்சி' சாப்பாடு என்று கஞ்சா அடித்துவிட்டுப் பசியோடு வருகிறவர்களைக் குறிவைத்தே விற்றது.


உச்சிப்புளிடீச்சர் எழுதியது:

நான் அந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கிறேன். பள்ளி திறந்த வாரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் சிலர் மதிய இடைவேளையில் சாப்பாட்டு டப்பாவுக்கு பிரவுன் டேப் சுற்றி, காம்பஸ் முனையால் கீறித் திறந்து, அந்த வசனத்தையே பேசி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் வேப்பமரத்தடியில் நின்று டார்ச் அடிக்கிற மாதிரி கையைக் காட்டுகிறான். மூட்டைக்குப் பதிலாகப் புத்தகப் பை. நடிப்பெல்லாம் அச்சு அசலாக இருந்தது. அவர்களில் ஒருவனுடைய அண்ணன் இதே மாதிரி வழக்கில் உள்ளே இருக்கிறான். அந்தப் பிள்ளை மட்டும் தள்ளி நின்றான். மற்றவர்கள் 'உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, நீ ஓட்டுநராக நடி' என்று அவனை இழுத்தார்கள்.

தம்பி, கோழியில் போதை இல்லை என்று எல்லாப் பிள்ளைக்கும் தெரியும் என்கிறீர்கள். சரி, தெரியும். அவர்கள் கோழியை நடிக்கவில்லையே. லைட் அடிப்பதையும் பொட்டலத்தைக் கீறுவதையும்தானே நடித்தார்கள்? ரீலிலிருந்து அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது அதுதான்.

அந்தப் பேனர் எங்கள் பள்ளி கேட்டுக்கு எதிரே, பஸ் நிறுத்தத்தை ஒட்டி இருக்கிறது.


சட்டம்படிப்பவள் எழுதியது:

டீச்சர் கடைசியாகச் சொன்ன வரி ரொம்ப முக்கியம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் என்டிபிஎஸ் சட்டம், 1985, அதாவது போதைப்பொருள் தடைச் சட்டம். கஞ்சா வைத்திருப்பது, விற்பது, கடத்துவது, பயன்படுத்துவது எல்லாம் அதில் குற்றம். கஞ்சா இலை படம் போட்டு சிக்கன் விற்பதை அந்தச் சட்டத்தில் கொண்டுவந்து நிறுத்துவது கஷ்டம். சிகரெட் விளம்பரத்துக்கு 2003-ம் ஆண்டு புகையிலைச் சட்டம் நேரடியாகத் தடை போட்டிருக்கிறது. போதைப்பொருளைச் சாடையாகக் காட்டும் சாப்பாட்டு விளம்பரத்துக்கு அப்படி நேரான பிரிவு இல்லை. அதனால் 'போலீஸில் சொல்லி உள்ளே தள்ளு' என்று யாராவது எழுத நினைத்தால் வேண்டாம். அது நடக்கவும் செய்யாது, நடக்கவும் கூடாது.

ஆனால் இந்திய விளம்பரத் தர நிர்ணய கவுன்சில், நாம் ஆஸ்கி என்று சொல்வது, 1985-லிருந்து இருக்கிறது. அது விளம்பரத் துறை தனக்குத்தானே வைத்துக்கொண்ட அமைப்பு. குற்றத்தை விரும்பத்தக்கதாகக் காட்டவோ, மற்றவர்கள், குறிப்பாகச் சிறுவர்கள், அதைப் பார்த்துச் செய்யத் தூண்டவோ, குற்றம் செய்யும் முறையைக் காட்டிக்கொடுக்கவோ கூடாது என்று அதன் விதித்தொகுப்பில் இருக்கிறது. லைட் அடித்து, படகு அழைத்து, பொட்டலம் சரிபார்த்து ஏற்றும் இந்த ரீலுக்கு அந்த விதி அப்படியே பொருந்தும். ஆஸ்கி யாரையும் சிறைக்கு அனுப்ப முடியாது. விளம்பரத்தை எடுக்கவோ மாற்றவோ சொல்லும். இங்கே நமக்கு வேண்டியதும் அதுதானே?

இன்னொரு விஷயம். சணல் விதை, அதாவது கஞ்சா இனச் செடியின் விதை, அதன் எண்ணெய் ஆகியவற்றை உணவில் சேர்க்க 2021-ல் எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம், அனுமதித்தது. அனுமதித்தபோதே, மனமயக்கம் தரும் என்று நேராகவோ சாடையாகவோ தெரியும்படி அதை விற்கக் கூடாது, லேபிளில் விதையைத் தவிர இலை உட்பட செடியின் எந்தப் பாகத்தின் படமும் வரக் கூடாது என்றும் விதித்தது. செடியின் விதையையே சட்டப்படி விற்பவனுக்கு இலைப் படம் போட அனுமதி இல்லை. அந்தச் செடிக்கும் இவர் விற்கிற கோழிக்கும் சம்பந்தமே கிடையாது, ஆனால் பேனர் அளவுக்கு இலை.

இனி டீச்சர் சொன்னது. பள்ளிக் குழந்தைகளுக்கான பாதுகாப்பான உணவு பற்றிய எஃப்எஸ்எஸ்ஏஐ விதிமுறைகள் 2020-ல் வந்தன. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் அதிகமாக உள்ள உணவைப் பள்ளி கேட்டிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள் பள்ளிக் குழந்தைகளுக்கு விற்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது. பொரித்த கோழியும் மயோனைஸும் அந்தப் பட்டியலில் வரத்தான் வாய்ப்பு அதிகம். எதிரே என்றால் 50 மீட்டருக்குள்தான் இருக்கும், அளந்து பாருங்கள் டீச்சர். அப்படியானால் பேனரில் இலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த இடத்தில் அது நிற்க முடியாது.

தம்பிக்கு: நீங்கள் சொன்ன அமெரிக்கக் கதையில் ஒன்று விட்டுப்போயிற்று. கலிபோர்னியாவில் 2018 ஜனவரி 1 முதல் 21 வயது நிரம்பியவர்களுக்குக் கஞ்சா விற்பனையே சட்டப்படி நடக்கிறது. அங்கே ஒரு கம்பெனி அந்தச் சந்தையைக் குறிவைக்கிறது, அதன் நல்லது கெட்டது அவர்கள் பாடு. அதே அமெரிக்காவில் 2006-ல் ஒரு எனர்ஜி டிரிங்குக்கு 'கோகெய்ன்' என்றே பெயர் வைத்து விற்றார்கள். உள்ளே கோகெய்ன் துளியும் கிடையாது, காஃபின்தான். தெருவில் விற்கிற போதைக்கு மாற்று என்கிற மாதிரி விளம்பரம் செய்ததற்காக 2007 ஏப்ரலில் அந்த நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அடுத்த மாதமே அந்தப் பெயரில் விற்பதை நிறுத்தினார்கள். பொருளில் போதை இல்லை என்பது அங்கேயும் போதுமான பதிலாக இருக்கவில்லை.


கீழக்கரைகாக்கா எழுதியது:

எங்கள் குடும்பம் தலைமுறையாகத் தொதல் கிண்டி விற்கிறது. தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் சேர்த்து அடுப்படியில் நின்று கிண்டுகிற வேலை. கை ஓய்ந்தால் அடி பிடித்துவிடும். அதை வாங்க வளைகுடாவிலிருந்து லீவில் வருகிற பிள்ளைகள் பெட்டி பெட்டியாகக் கேட்கிறார்கள். இதுவரைக்கும் யாரையும் கிறங்க வைக்கும் என்று சொல்லி நாங்கள் விற்றதில்லை.

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது துபாயிலோ சவுதியிலோ இருப்பார். பயணம் கிளம்புகிற அன்றைக்கு உம்மாமார்கள் பெட்டியைப் பிரித்துப் பார்ப்பதே ஒரு பெரிய வேலை. குருமாப் பொடியில் கசகசா கலந்திருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்பார்கள், ஏனென்றால் நம் அடுப்படியில் சாதாரணமாக இருக்கிற கசகசாவுக்கு அந்த நாடுகளில் தடை. அந்த அளவுக்குப் பயந்து அனுப்புகிற பிள்ளையின் செல்போன் பின்னால் கஞ்சா இலை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால்? இலவசமாகக் கிடைத்தது, ஒட்டிக்கொண்டான். விமான நிலையத்தில் அதை வைத்து அவனை ஓரமாக நிறுத்தினால் சிக்கன் கடைக்காரர் வந்து விளக்கம் சொல்வாரா?

தம்பி, வியாபாரத்துக்குப் பார்வை வேண்டும் என்பது சரி. என் கடைக்கும் வேண்டும். எவன் தலையில் சந்தேகம் விழும் என்று பார்க்காமல் கூட்டம் சேர்ப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.


தங்கச்சிமடம்தம்பி எழுதியது:

காக்கா, ஸ்டிக்கர் விஷயம் நான் யோசிக்காதது. அதை எடுக்கச் சொல்லலாம். ஆனால் ரீலைப் பற்றி இன்னும் எனக்கு ஒப்பவில்லை. கடத்தல் காட்சி சினிமாவில் வருகிறது, அதற்கு யாரும் இவ்வளவு பேசுவதில்லை.


கடலோடிமகன் எழுதியது:

தம்பி, நீயும் தங்கச்சிமடம், நானும் தங்கச்சிமடம். 2014-ல் உனக்கு என்ன வயது என்று தெரியாது. அதனால் சொல்கிறேன்.

2011 நவம்பரில் மீன் பிடிக்கப் போன நம்ம பக்கத்து மீனவர்கள் 5 பேரை ஹெராயின் கடத்தியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை பிடித்தது. நாங்கள் செய்யவில்லை என்று அவர்கள் சொன்னார்கள், அவர்கள் குடும்பமும் சொன்னது. மூன்று வருடம் கழித்து, 2014 அக்டோபர் 30-ம் தேதி, கொழும்பு உயர் நீதிமன்றம் 5 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. செய்தி வந்த அன்றைக்கு இந்தத் தீவு எப்படி இருந்தது என்று உன் வீட்டில் கேள். தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், பஸ் எரிந்தது, ஒரு கடையும் திறக்கவில்லை. பெண்கள் ரோட்டில் உட்கார்ந்து எழுந்திருக்கவே இல்லை. நவம்பரில் அந்த நாட்டு ஜனாதிபதி மன்னிப்புக் கொடுத்து அவர்கள் வீடு திரும்பிய பிறகுதான் ஊர் மூச்சு விட்டது.

கடலுக்குப் போகிற ஒவ்வொருவன் மேலும் இந்தச் சந்தேகம் இருக்கிறது. இரண்டு நாட்டுக் கடற்படையும் ரோந்துப் படகும் பார்க்கிற கண்ணில் நாம் முதலில் மீனவனா, கடத்துகிறவனா என்ற கேள்வி ஓடிக்கொண்டே இருக்கிறது. 'நாங்கள் மீன்தான் பிடிக்கிறோம்' என்று எத்தனை கூட்டத்தில், எத்தனை மனுவில் சொல்லியிருக்கிறோம். இப்போது நம் ஊர்ப் பையனே நம் ஊர்க் கரையில், நம் மாதிரியே கைலி கட்டி, நம் படகில் ஏறி, 'இவன் கடத்துகிறவன்' என்று வீடியோ எடுத்து ஊரெல்லாம் காட்டுகிறான். அதைக் கோழி விற்கப் பயன்படுத்துகிறான்.

சினிமாவில் வருகிறது என்கிறாய். சினிமாவில் அவன் பிடிபடுகிறான், சாகிறான், அவன் அம்மா அழுகிறாள். நல்ல படமோ கெட்ட படமோ, அதற்கு ஒரு முடிவு இருக்கிறது. இந்த ரீலில் மூட்டை ஏறுகிறது, கோழி வருகிறது, அவ்வளவுதான்.


சட்டம்படிப்பவள் எழுதியது:

அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், படகு வைத்திருப்பவர்களுக்காக. கஞ்சா 20 கிலோவுக்கு மேல் போனால் சட்டப்படி வணிக அளவு. குறைந்தது 10 வருடம், அதிகபட்சம் 20 வருடம் கடுங்காவல். 37-வது பிரிவுப்படி ஜாமீன் கிடைப்பதே பெரும்பாடு. கடத்தப் பயன்பட்ட படகையும் பறிமுதல் செய்யலாம். தனக்குத் தெரியாமல் நடந்தது, போதுமான எச்சரிக்கையோடுதான் இருந்தேன் என்று உரிமையாளர்தான் நிரூபிக்க வேண்டும். 'ஒரே ஒரு நடை' என்பதன் விலை இது.


வார்டுசிஸ்டர் எழுதியது:

மனநலப் பிரிவில் வேலை பார்த்த அனுபவத்தில் எழுதுகிறேன். யாரும் இங்கே பேசாத ஒரு கூட்டம் இருக்கிறது: விட்டவர்கள், விட முயற்சி செய்கிறவர்கள்.

கஞ்சாவை நிறுத்திய பையனுக்கு உடம்பு சீக்கிரம் தேறிவிடும். தூக்கம், பசி எல்லாம் சில வாரத்தில் திரும்பும். ஆசை அப்படிப் போகாது. அது பெரும்பாலும் ஒரு பொருளைப் பார்த்தவுடன் கிளம்பும்: புகை, சிவந்த கண், அந்த இலை, கூட்டாளிகள் உட்கார்ந்த இடம். அதனால்தான் விடுகிறவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது, பழைய இடத்துக்குப் போகாதே, பழைய பொருளை வீட்டில் வைக்காதே என்பது. பஸ் நிறுத்தத்திலேயே பத்தடிக்குப் படம் வைத்தால் அவன் எந்த வழியாகப் போவான்? ஒரு பையனின் அம்மா, வேலைக்குப் போகிற மகனை வேறு பஸ்ஸில் ஏற்றிவிட தினமும் கூடவே நடந்து போகிறார்.

பதின்ம வயதில் தொடங்குகிறவர்களுக்கு மனச்சிதைவு மாதிரியான நோய் வரும் ஆபத்து கூடுகிறது. காதில் குரல் கேட்கிறது, யாரோ துரத்துகிறார்கள் என்று சொல்லி வருகிற பையன்களை ஏர்வாடிப் பக்கம் இருப்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எல்லோருக்கும் கஞ்சாதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு அதுவும் காரணம். யார் வீட்டிலாவது உதவி வேண்டும் என்றால் 14446, கட்டணம் இல்லாத எண். திட்ட மாட்டார்கள், தைரியமாகக் கூப்பிடுங்கள்.


பேனர்கடை எழுதியது:

ராமநாதபுரத்தில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடை என்னுடையது. இந்த பேனர் என்னிடம் அடித்தது இல்லை, ஆனால் இந்த மாதிரி ஆர்டர் எப்படி வருகிறது என்று சொல்கிறேன். கடைக்காரர் போனில் ஒரு படத்தைக் காட்டுவார். 'இதே மாதிரி வேணும், என் பெயர் மட்டும் மாற்று.' அது எங்கேயோ வெளிநாட்டுக் கடை வைத்த படம். நெட்டில் இருந்து இறங்கி, நாலு ஊர் மாறி இங்கே வந்திருக்கும். இலை என்ன இலை என்று கேட்டால் 'கலராக இருக்கு, பசங்களுக்குப் பிடிக்கும்' என்பார். ரீல் எடுக்கிற பையன்கள் தனி. பார்வை கூடினால்தான் அவர்களுக்கு அடுத்த வேலை. ஆக, அடிக்கிறவன், எடுக்கிறவன், காசு கொடுக்கிறவன் மூன்று பேரும் இது இன்னொருத்தர் பொறுப்பு என்று நினைக்கிறார்கள். சாதித் தலைவர் படத்தில் எழுத்து மாறினால் சண்டை வரும் என்று நாலு தடவை சரிபார்க்கும் எங்கள் தொழிலில், இதையும் ஒரு தடவை கேட்கலாம். நான் கேட்கிறேன். மாட்டேன் என்று திருப்பி அனுப்பிய ஆர்டரும் உண்டு.


மண்டபம்கரை எழுதியது:

நேற்று சாயங்காலம் காக்காவும் கடலோடிமகன் அண்ணனும் நானும் கடைக்கே போனோம். வாங்கிச் சாப்பிட்டோம். உண்மையைச் சொன்னால் கோழி ரொம்ப நன்றாக இருக்கிறது. நம்ம முண்டு மிளகாயை அரைத்துப் போடுகிறார், காரம் நின்று பேசுகிறது.

கடைக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். வட்டிக்கு வாங்கிப் போட்ட கடை. ரீலுக்கு முன்னால் நாளெல்லாம் ஈ ஓட்டினாராம், அதற்கு அப்புறம் ராமேஸ்வரம் வருகிற வெளியூர்க்காரர்கள்கூட வண்டியை நிறுத்துகிறார்கள். 'இதை எடுத்தால் விழுகிற வியாபாரத்தை யார் தருவீர்கள்?' என்று நேராகவே கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் டீச்சர் சொன்ன அந்தப் பிள்ளையைப் பற்றி அண்ணன் சொன்னபோது அவர் பேச்சு நின்றது. பையனின் அண்ணன் அவரோடு ஒன்றாகப் படித்தவனாம்.

ஸ்டிக்கரைக் கொடுப்பதை அங்கேயே நிறுத்திவிட்டார். பேனரை மாற்றச் சம்மதித்தார், செலவை காக்கா ஏற்றுக்கொண்டார். முண்டு மிளகாயைப் பெரிதாகப் போடச் சொன்னோம், நம் மாவட்டத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்த மிளகாய் அது. ரீலை மட்டும் எடுக்க மறுக்கிறார். அதற்குத்தான் கூட்டம் வருகிறது என்கிறார்.


தங்கச்சிமடம்தம்பி எழுதியது:

வீட்டில் 2014 பற்றிக் கேட்டேன். அம்மாவும் ரோட்டில் உட்கார்ந்திருக்கிறார், என்னை மடியில் வைத்துக்கொண்டு. இதுவரை என்னிடம் சொன்னதில்லை.

சின்னக் கடையை மட்டும் பிடிக்கிறோம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது, பான் மசாலா விளம்பரத்தைப் பற்றியும் தனியாகப் பேச வேண்டும். ஆனால் இந்த ரீல் வேண்டாம். எடுத்த பையனை எனக்குத் தெரியும். அவனிடம் நான் பேசுகிறேன், மிளகாய் காய வைக்கிற களத்தில் வைத்து வேறு ஒன்று எடுக்கலாம். கேமரா என்னிடம் இருக்கிறது.


சட்டம்படிப்பவள் எழுதியது:

நல்லது தம்பி. பேசிப் பாருங்கள். அதோடு ரீலின் இணைப்பு, பதிவான தேதி, ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் இன்றைக்கே எடுத்து வையுங்கள். கடைக்காரர் ரீலை நீக்கவில்லை என்றால் ஆஸ்கி இணையதளத்தில் புகாரை நான் பதிகிறேன், செலவு கிடையாது. பேனருக்கு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகம். நுகர்வோர் உதவி எண் 1915-லும் வழி கேட்கலாம். டீச்சர், கேட்டிலிருந்து பேனர் வரைக்கும் டேப் வைத்து அளந்த படம் ஒன்று வேண்டும், டேப்பில் எண் தெரிய வேண்டும்.


உச்சிப்புளிடீச்சர் எழுதியது:

அளந்தாயிற்று. 31 மீட்டர். படம் அனுப்பியிருக்கிறேன். பெற்றோர் கூட்டம் வெள்ளிக்கிழமை, சிஸ்டர் வந்து அரை மணி நேரம் பேச முடியுமா? அம்மாக்கள் நிறையப் பேர் வருவார்கள்.